மாமா திருத்திய படகு

என் தாய்மாமனுக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: பொட்சர். வைத்தவர் பெரியம்மா. அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். திருகோணமலை நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். தம்பியைத் தமிழில் ஏசினால் அயலுக்குக் கேட்கும், ஆங்கிலத்தில் ஏசினால் அவனுக்கே விளங்காது என்பது அவருடைய கணக்கு. ஒரு வேலையைத் தொட்டு, அதை முன்பிருந்ததைவிட மோசமாக்கிவிட்டு எழும்புகிறவன்தான் பொட்சர் என்று எங்களுக்கு விளக்கம் சொல்லியிருந்தார். மாமாவோ அதை ஏதோ உத்தியோகப் பெயர் என்று எண்ணிக்கொண்டு, அப்படிக் கூப்பிட்டால் சிரித்தபடி திரும்புவார்.

வளர்ந்து நானும் ஆங்கிலம் படிப்பிக்கப் போன பிறகு அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். பொட்ச் என்ற வினைக்கு முதலில் இருந்த பொருள் திருத்துவது, ஒட்டுப்போடுவது என்பதுதானாம். பழைய இங்கிலாந்தில் கிழிந்த உடுப்புக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்த தையற்காரனையும் பொட்சர் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு அவமானமும் இருக்கவில்லை. ஒட்டுப்போட்டவர்களின் கைவேலையைப் பார்த்துப் பார்த்துச் சலித்தோ என்னவோ, பின்னால் வந்த சனம் அதே சொல்லைக் கெடுத்து வைப்பதற்கும் எடுத்துக்கொண்டது. அது எங்கிருந்து வந்த சொல் என்று அகராதிக்காரருக்கே நிச்சயமில்லை. ஒல்லாந்துப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் ஒல்லாந்தர் எங்களுக்கு அலுவலகத்தைக் குறிக்கிற கந்தோர் என்ற சொல்லைத் தந்துவிட்டு, ஆங்கிலேயருக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள். கொப்புளத்துக்கும் அதே எழுத்தில் ஒரு பழைய சொல் உண்டு, அது வேறு குடும்பம். எப்படியோ, திருத்துவது கெடுப்பதாக மாற ஆங்கிலேயருக்குப் பல தலைமுறை பிடித்திருக்கிறது. மாமாவுக்கு ஒரு பின்னேரம் போதும்.

மாமா கட்டார் நாட்டில் சில வருஷம் குளிரூட்டி வேலை செய்துவிட்டு வந்தவர். அந்தத் துணிவில் உலகத்தில் உள்ள எல்லா யந்திரங்களையும் திறந்து பார்ப்பார். பெரியம்மா வீட்டுக் காற்றாடியைக் கழற்றிப் பூட்டினார். அது மறுபக்கமாகச் சுற்றி, காற்றை முகட்டுக்கு அனுப்பியது. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி பூட்டினார். பூசை நேரத்தில் ஐயரின் மந்திரத்துக்கு நடுவே யாரோ கிரிக்கெட் ஓட்டம் சொல்லிக்கொண்டிருந்தான். அவருடைய ஆயுதங்கள் மூன்றே மூன்று: செப்புக் கம்பி, சவர்க்காரம், பழைய சைக்கிள் ரியூப். எண்ணெய் ஒழுகினால் சவர்க்காரத்தை அப்புவார். தண்ணீர் ஒழுகினால் ரியூப்பை வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்குவார். கொடுக்கிற தேத்தண்ணி ஆறும் வரைக்கும் எல்லாம் நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால் அவரில் யாருக்கும் மனம் வெறுத்துப் போனதில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார், கூலி கேட்கமாட்டார், கெட்டுப்போனதும் எங்களைவிடக் கூடுதலாகக் கவலைப்படுவார். அம்மா மட்டும் அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. ஆனாலும் படலை திறக்கிற சத்தத்தோடு மாமாவின் செருமல் கேட்டால், அம்மா முதலில் செய்வது குசினியிலிருந்த கிரைண்டரைத் துணியால் மூடி அலுமாரிக்குள் வைப்பதுதான். பாசம் வேறு, கிரைண்டர் வேறு.

எங்கள் ஊர் நிலாவெளிக்குப் போகிற வழியில், கடலுக்குப் பக்கத்தில். நான் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம், ஊரில் எல்லோருடைய வாயிலும் ஒரே கதையாக இருந்தது. மீன்பிடிப் படகுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் போகிற கதை. போய்ச் சேர்ந்தவன் தொலைபேசியில் பேசினால் ஒரு தெருவே அந்த வீட்டு முற்றத்தில் கூடிவிடும். போய்ச் சேராதவர்களைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சிறிய பைபர் போட் இருந்தது. அதற்கு முன்பு பலநாள் படகுகளில் ஓட்டியாக இருந்தவர், ஆழ்கடல் பழக்கமானவர். அதனால்தான் அப்படி ஆட்களை ஏற்றி அனுப்புகிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். படகை ஓட்டிக்கொண்டு வந்தால் போதும், போன இடத்தில் அவரும் தங்கிவிடலாம், பிறகு எங்களைக் கூப்பிடலாம். எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பாடப்புத்தகத்தில் இருந்த கங்காருவை நேரில் பார்க்கப் போகிறேன், பெரியம்மாவைப்போல நாள் முழுக்க ஆங்கிலம் கதைக்கப் போகிறேன். யாருக்கும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், இரகசியத்தோடு சேர்த்துச் சோற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா முதலில் அழுதார். பிறகு சண்டை பிடித்தார். "அந்தப் பெட்டைப்பிள்ளையையும் என்னையும் ஆரிட்ட விட்டிட்டுப் போறியள்?" என்று கேட்டார். அப்பா வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பா முடிவெடுத்தால் எடுத்ததுதான். அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்லவில்லை. நான் அம்மாவுக்கும் கங்காரு பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர்கள் ஒழுங்குபண்ணிய படகு சீனன்குடாப் பக்கம் ஒரு இறங்குதுறையில் கட்டியிருந்தது. பழைய படகு. புறப்பட வேண்டிய நேரம் நெருங்க, யந்திரத்துக்குக் குளிர்தண்ணீர் இழுக்கிற குழாய் வெடித்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கடல் தண்ணீர் அந்தக் குழாயால் வந்து யந்திரத்தைக் குளிரப்பண்ணாவிட்டால், அது சூடேறி நின்றுவிடும். புதுக் குழாய் கொழும்பிலிருந்து வரவேண்டும், அதற்கு நாள் இல்லை. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தால், இந்தப் படகுக்கு எதற்கு இத்தனை தண்ணீர்ப் பீப்பா, எதற்கு இவ்வளவு டீசல் என்று கேட்பான். அப்பா கதிரையில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

அப்போதுதான் அம்மா, சோற்றைப் போட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: "என்ர தம்பியைக் கேட்டா என்ன?"

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார். "அவனையோ? அவன் தொட்டால் விளங்கின மாதிரித்தான்."

"சின்ன வேலைதானே. வெளியாள் வந்தா ஊரெல்லாம் கதையாப் போயிடும். வாய் திறக்காத ஆள் வேணுமெண்டால் அவனை விட்டா ஆர் இருக்கினம்?"

நான் பாதிச் சோற்றில் அம்மாவைப் பார்த்தேன். ஒரு கிரைண்டரைக் கூட நம்பிக் கொடுக்காத அம்மா, கடல் கடக்கிற படகைத் தூக்கி மாமாவின் கையில் கொடுக்கச் சொல்கிறார். அப்பாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் வேறு வழி இருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, "சரி, வரச் சொல்லு" என்றார்.

மாமாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அத்தான் தன்னை நம்பி ஒரு வேலை தந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் விடியவே சைக்கிளில் ரியூப்பையும் கம்பியையும் கட்டிக்கொண்டு போனவர், பொழுது சாய்கிற நேரம் எண்ணெய் பூசின முகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து, தானும் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் குந்தினார்.

"என்னமாதிரி, தம்பி? தாங்குமோ?"

"தாங்குமோவோ? என்ன கதை கதைக்கிறியள் அக்கா! சிட்னி வரைக்கும் தாங்கும்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஊர்ப் பெயரை இப்படி உரக்கச் சொல்கிறாரே என்று அம்மாவுக்குக் கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

மாமா அதைக் கவனிக்கவில்லை. "வழமை மாதிரி அவசரப்படேல்லை, அக்கா. பிள்ளையும் நீங்களும் ஏறிப் போற படகு மாதிரி நினைச்சு நினைச்சு, ரெண்டு சுத்துச் சுத்தி, கம்பியும் ரெண்டு இடத்தில இறுக்கியிருக்கிறன். ஓட விட்டுப் பாத்தனான், ஒரு சொட்டு வரேல்லை" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. அம்மா கோப்பையைக் கையில் பிடித்தபடியே இருந்தார். அந்தத் தேத்தண்ணியில் ஆடை படிந்தது, அம்மா குடிக்கவில்லை.

அப்பா அடுத்த நாள் பின்னேரம் வெளிக்கிட்டார். மீன்பிடிக்கப் போகிறவரைப்போல சாரமும் பழைய சேட்டும்தான் உடுத்தியிருந்தார். அம்மா கருவாட்டுப் பொரியலும் சம்பலும் வைத்துச் சோறு பொதி கட்டிக்கொடுத்தார். அப்பா என் தலையை முகர்ந்துவிட்டு, "அம்மாட சொல்லுக் கேட்டு நடக்கவேணும்" என்று சொல்லி, யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினார். திட்டம் எனக்குப் பிறகுதான் முழுக்கத் தெரியவந்தது. படகு வெறுமையாகத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, கோணேசர் மலையைச் சுற்றி, எங்கள் ஊருக்கு முன்னால் வடக்கே போகும். குச்சவெளிக்கு அங்கால் ஒரு இடத்தில் காத்திருக்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆழக்கடலுக்குத் திரும்பும்.

மாலையில் அம்மாவும் நானும் மாமாவும் கரைக்குப் போனோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. கோணேசர் மலைக்குப் பின்னாலிருந்து ஒரு நீலப் படகு வெளிப்பட்டது. தூரத்தில் எல்லாப் படகும் ஒன்றுபோலத்தான், ஆனால் மாமாவுக்கு அதன் சத்தமே போதுமாக இருந்தது. "அந்தா! அந்தா போகுது! கேளுங்கோ அக்கா, பூப்போலப் போகுது" என்று மணலில் குதித்தார். படகு எங்களுக்கு முன்னால் நேராகப் போனது. படகின் முன் அணியத்தில் நிற்பது அப்பாவா என்று பார்க்கக் கண்ணைக் கசக்கினேன். அது புறாமலைத் தீவுப் பக்கம் போய்ச் சிறுத்து, பிறகு காணாமல் போனது. அம்மா நின்ற இடத்திலேயே மணலில் இருந்துவிட்டார். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு, பாட்டொன்றைச் சீழ்க்கையில் அடித்தபடி வீட்டுக்குப் போனார்.

விடிந்தபோது அம்மா பாயில் இல்லை. கரையில் ஆட்கள் சத்தம் போடுவது கேட்டு நான் ஓடினேன். புறாமலைக்கு இங்கால் அந்த நீலப் படகு நங்கூரம் போட்டு நின்றது. கரைவலைக்காரர் சிலர் தங்கள் போட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்: எஞ்சின் இறுகிப்போய்விட்டது, படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. பழுதான மீன்பிடிப் படகுதானே என்று ஊரில் வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா ஒரு பைபர் போட்டில் வந்து இறங்கினார். இடுப்புவரை நனைந்து, கை முழுக்கக் கறுப்பு. இரவு முழுக்கத் தண்ணீர் இறைத்திருக்கிறார். சூட்டில் ரியூப் இளகி, கம்பி கழன்று, குழாய் வாயைத் திறந்துவிட்டதாம். ஆட்களை ஏற்றுமுன்பே நடந்திருந்தது. அம்மா தண்ணீருக்குள் இறங்கிப் போய் அப்பாவின் கையைப் பிடித்தார். ஊருக்கு முன்னால் அம்மா அப்படிச் செய்து நான் கண்டதில்லை. எனக்கோ ஒரே அழுகை. கங்காரு போய்விட்டது.

"எங்கை அவன்?" என்பதுதான் அப்பாவின் முதல் கேள்வி.

மாமா பெரியம்மா வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்திருந்தார். பெரியம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க ஆங்கிலம். அப்பா இரைந்த இரைச்சலில் கோழிகள் வேலி தாண்டின. "உன்ர கை என்ன கையடா? ஒரு குழாய் சுத்தத் தெரியாதோ?" மாமா நிலத்தைப் பார்த்தபடி, "ரெண்டு சுத்துச் சுத்தினனான், அத்தான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. "நீங்கள்தான் எல்லாத்தையும் நாசமாக்கினது மாமா" என்று கத்தினேன். அதற்கு அம்மா என் முதுகில் ஒன்று போட்டார். அடி வாங்க வேண்டியவர் நிற்க எனக்கு ஏன் விழுகிறது என்று விளங்காமல் இன்னும் பலமாக அழுதேன்.

அன்று மத்தியானம் அம்மா நண்டுக்கறி வைத்தார். மாமாவைப் போகவிடாமல் பிடித்து இருத்தி, பெரிய கால் இரண்டையும் உடைத்து அவருடைய சோற்றுக் கோப்பையில் போட்டார். அப்பா முறைத்துப் பார்த்தார். அம்மா அதைக் காணாதவர்போல இன்னும் ஒரு கரண்டி குழம்பு விட்டார். மாமா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். உறைப்பு என்றார்.

அந்த ஆட்கள் பிறகு அப்பாவைத் தேடி வரவில்லை. வேறொரு படகையும் வேறொரு ஓட்டியையும் பிடித்தார்கள். அது வெளிக்கிட்டது. போய்ச் சேர்ந்ததாக இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அந்த ஓட்டியின் மனைவியை வெருகல் முருகன் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு வருஷமும் காண்கிறேன். நேர்த்தி வைக்க வருகிறார், தாலியோடும் பொட்டோடும்தான் வருகிறார். அவரைக் கண்டால் நான் பக்கத்தில் நிற்கிற அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வேன். அப்பாவுக்குக் காரணம் தெரியும். அந்த நிம்மதியை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தப் படகைப் பற்றிய கதை ஊருக்குள் வந்த நாளில், அப்பா தன் போட்டில் பிடித்த பெரிய பாரை மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். குசினி வாசலில் வைத்துவிட்டு அப்படியே திரும்பினார். மாமாவுக்கு அது எதற்கென்று விளங்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் குழாயை நினைத்து வெட்கப்படுகிறார். ரியூப் தரம் சரியில்லை, அதுதான் காரணம் என்கிறார். அன்றைக்கு ஏன் மாமாவைக் கூப்பிடச் சொன்னீர்கள் என்று அம்மாவிடம் நான் ஒருமுறை நேரே கேட்டேன். "உனக்கென்ன விசரே பிள்ளை?" என்று சிரித்துவிட்டு, உலையில் அரிசி போட எழும்பிவிட்டார்.

எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். என் கணவரும் கடலுக்குப் போகிறவர்தான். அதனால் அந்த மாலைநேரத்தை அடிக்கடி நினைக்கிறேன். மாமா சீழ்க்கையடித்துக்கொண்டு போன பிறகு, மணலில் இருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நானும் குந்தி, மலைப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டேன். "கோணேசரே, மாமா செய்த வேலை இந்த ஒருமுறையாவது சரியா இருக்கவேணும்" என்று உரக்கச் சொன்னேன். அம்மாவையும் கும்பிடச் சொல்லி அவர் கைகளைப் பிடித்துச் சேர்த்துவைத்தேன். அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றையே கேட்கிறோம் என்று நான் நினைத்தேன்.